மைக் லீச்சை எந்தத் தராசில் நிறுத்துவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 21 பருவம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தும் ஒரு கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் போட்டிக் குழு) பட்டம்கூட வெல்லாத மைக் லீச்சை மேதை என்று பாதிப்பேர் கொண்டாடுகிறார்கள், மீதிப்பேர் வேடிக்கைப் பேச்சால் பெயர் வாங்கியவர் என்கிறார்கள், இதில் எது சரி, ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில், இடம்பெறும் விதியைத் தளர்த்தியது நியாயமா? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் எத்தனை ஆட்டம் வென்றார் என்பது ஒன்று. அவர் இல்லாமல் இன்றைய ஆட்டம் இப்படி இருந்திருக்குமா என்பது இன்னொன்று. ரசிகர்கள் சண்டை ஓயாமல் நடப்பதற்குக் காரணம், ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, மற்றவர் இரண்டாவதற்குப் பதில் சொல்வதுதான். என் பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன்: அவருக்குப் பட்டம் கிடைக்காமல் செய்த குணமும், அவரது ஆட்டமுறையை நாடு முழுக்கப் பரப்பிய குணமும் ஒன்றே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட முடியாது.

முதலில் சந்தேகமே இல்லாத கணக்கு. டெக்சாஸ் டெக்கில் 2000 முதல் 2009 வரை 84 வெற்றி, 43 தோல்வி. வாஷிங்டன் ஸ்டேட்டில் 2012 முதல் 2019 வரை 55-47. மிசிசிப்பி ஸ்டேட்டில் 2020 முதல் 2022 வரை 19-17. ஆக 158-107, அதாவது நூற்றுக்கு 59.6. ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பயிற்சியாளர் பெயர் பரிசீலிக்கப்பட வேண்டுமானால் குறைந்தது 10 ஆண்டு, 100 ஆட்டம், 60 விழுக்காடு வெற்றி என்று விதி இருந்தது. 265 ஆட்டத்தில் 159 வென்றிருந்தால் சரியாக 60. ஒரே ஒரு ஆட்டம் குறைந்துவிட்டது. அந்த ஒன்று எது என்று தேட ஆரம்பித்தால் 2014-ல் கலிபோர்னியாவிடம் 60-59 என்று தோற்ற ஆட்டம் கண்முன் நிற்கும்: வாஷிங்டன் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கானர் ஹாலிடே 734 யார்டு எறிந்து சாதனை படைத்தார், கடைசி நொடிகளில் வெறும் 19 யார்டு ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) உதைப்பவர் வெளியே அடித்தார். 2025-ல் தகுதிக் கோடு 59.5 ஆக இறக்கப்பட்டது. 2027 வாக்குச்சீட்டு முதல் அது நடைமுறை. லீச்சை மனதில் வைத்துத்தான் இறக்கினார்கள் என்று பரவலான பேச்சு. ஆனால் ஜாக்கி ஷெரில் மாதிரி இதே கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றவர்களும் உண்டு. அவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. தகுதி கிடைத்தது என்றால் இடம் கிடைத்தது என்று பொருளில்லை, வாக்கெடுப்பு தனி. என் பார்வையில் விதியைத் தளர்த்தியதில் தவறில்லை. ஆட்ட எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்கும் இருவரை ஓர் உதை பிரிக்கிறது என்றால் அந்தக் கோடு அளக்க வேண்டியதை அளக்கவில்லை.

வெற்றி விழுக்காடு சொல்லாமல் விடும் விஷயம், அவர் எங்கே இருந்துகொண்டு வென்றார் என்பது. டெக்சாஸ் டெக் இருக்கும் லபக் ஊர் மேற்கு டெக்சாஸின் வறண்ட சமவெளியில் இருக்கிறது. மாநிலத்தின் முதல்தர உயர்நிலைப் பள்ளி வீரர்களை டெக்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ் ஏ அண்ட் எம் மூன்றும் அள்ளிக்கொண்ட பிறகு மிச்சத்தில்தான் இவர் பொறுக்க வேண்டும். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் இன்னும் சின்ன ஊர். அவருக்கு முன் நான்கு ஆண்டில் அந்த அணி வென்றது ஒன்பதே ஆட்டம். அங்கே அவர் எட்டுப் பருவத்தில் ஆறு முறை அணியைப் பவுல் ஆட்டத்துக்கு (நன்றாக ஆடிய அணிகளுக்குப் பருவ முடிவில் கிடைக்கும் சிறப்பு ஆட்டம்) அழைத்துச் சென்றார். 2018-ல் 11-2, அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு பருவ அதிகபட்ச வெற்றி. டெக்கில் பத்துப் பருவமும் பவுல் தகுதி. இவை மறுக்க முடியாதவை. பெரிய அணிகளுக்கு எதிரான கணக்கும் மறுக்க முடியாததுதான்: டெக்சாஸுடன் 2-8, ஒக்லஹோமாவுடன் 3-7. தன்னைவிட ஓரளவு மேலே இருந்த ஏ அண்ட் எம்முடன் 7-3. பவுல் ஆட்டங்களில் மொத்தம் 8-9. நடுத்தர அணியை நல்ல அணியாக்குவார், நல்ல அணியைச் சாம்பியனாக்கியதில்லை என்று சுருக்கமாகச் சொல்பவர்களுடன் எண்களை வைத்துச் சண்டை போட முடியாது.

இனி ஆட்டமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் விவாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஏர் ரெய்டு என்று பெயர். நிறையப் பாஸ் எறிவதுதான் அதன் அடையாளம் என்று நினைப்பவர்கள் அதிகம். அது விளைவு மட்டுமே. அடிப்படை யோசனை இரண்டு: மைதானத்தின் அகலம் முழுவதையும், அதாவது 53 யார்டு சொச்சத்தை, எதிரணி காக்க வேண்டியதாக்கு, குறைந்த ஆட்டத் திட்டங்களை அளவு கடந்து பயிற்சி செய். மற்ற அணிகள் தடித்த பிளேபுக்கை (ஆட்டத் திட்டப் புத்தகம்) சுமந்துகொண்டு வாரத்துக்கு வாரம் எதிரணிக்கேற்பப் புதுத் திட்டம் புகுத்தும்போது, லீச்சின் பிளேபுக்கில் அடிப்படையாக இருபதையொட்டிய திட்டங்கள்தான். ஆட்டத்தன்று அவர் கையில் இருந்த தாளும் மடித்துப் பாக்கெட்டில் வைக்கும் அளவுதான். எதிரணிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாதபடி துல்லியமாகச் செய்வதுதான் பந்தயம்.

மெஷ் என்ற திட்டத்தை மட்டும் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். இரண்டு ரிசீவர்கள் (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) மைதானத்தின் எதிரெதிர் பக்கத்திலிருந்து கிளம்பி, ஆரம்பக் கோட்டுக்கு அப்பால் ஏறத்தாழ ஆறு யார்டு ஆழத்தில் குறுக்கே ஓடி ஒருவரையொருவர் கடக்க வேண்டும். ஆழத்தை நிர்ணயிப்பது ஒருவர் பொறுப்பு. மற்றவர் அவருக்கு ஒட்டிக் கீழே நுழைய வேண்டும். எவ்வளவு ஒட்டி என்றால், கடக்கும்போது கைதட்டிக்கொள்ளலாம். இடையில் ஒரு யார்டு விட்டால் துரத்தி வரும் தடுப்பாட்டக்காரர் அந்த இடுக்கில் புகுந்து வந்துவிடுவார், திட்டம் செத்தது. ஒட்டிப் போனால் இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஓரடி பின்தங்குவார்கள், அந்த ஓரடிதான் மகசூல். அதே நேரம் வெளிப்பக்க ரிசீவர் ஒருவர் ஆழமாகப் போய் மூலைக்கு வெட்டுவார், ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) பக்கவாட்டில் வெளியேறுவார். குவார்ட்டர்பேக் முதலில் மூலையைப் பார்ப்பார். இல்லையென்றால் குறுக்கே ஓடுபவர்கள். அதுவும் இல்லையென்றால் ரன்னிங் பேக். இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, இளம் குவார்ட்டர்பேக் கண்ணை முதலிலேயே குறுக்கு ஓட்டத்தில் பதித்துவிடுவது. சேஃப்டி (எதிரணியின் கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரர்) அந்தக் கண்ணைப் படித்துக்கொண்டு முன்னால் பாய்வார், திறந்து கிடந்த மூலை யாருக்கும் தெரியாமலே போகும். இன்னொரு தப்பு, ரிசீவரே எதிராளியை வேண்டுமென்று இடித்துவிடுவது; நடுவர் கொடியை எறிவார், 15 யார்டு பின்னால். எதிரணி ஆளுக்கு ஆள் காக்காமல் இடத்தைக் காத்தால் இதே இருவர் கடந்தபின் ஓட்டத்தை நிறுத்தி, காலி இடத்தில் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். ஓடுவதா நிற்பதா என்பதை இருவரும் ஓடிக்கொண்டே முடிவு செய்கிறார்கள். எறிபவரும் அதே முடிவுக்கு அதே கணத்தில் வந்திருக்க வேண்டும்.

அந்த ஒருமித்த முடிவு பேச்சினால் வராது, எண்ணிக்கையால்தான் வரும். அதற்காக லீச் நடத்திய பயிற்சியில் மிகவும் புகழ்பெற்றது எதிராளி யாரும் இல்லாத பாஸ் பயிற்சி. ஐந்து குவார்ட்டர்பேக்குகள் ஆளுக்கொரு பந்துடன் வரிசையாக நிற்பார்கள். ஒரே திட்டத்தை ஐந்து ரிசீவர்களும் ஓடுவார்கள். முதல் குவார்ட்டர்பேக் முதல் தேர்வுக்கு எறிய, இரண்டாமவர் இரண்டாவது தேர்வுக்கு என்று ஐந்து பந்தும் ஒரே வேளையில் பறக்கும். அடுத்த சுற்றில் எல்லோரும் ஓரிடம் நகர்வார்கள். சில நிமிடத்தில் ஒவ்வொருவரும் எல்லா இலக்குக்கும் எறிந்து முடித்திருப்பார்கள்; எல்லா ரிசீவரும் ஒவ்வொரு சுற்றிலும் பந்தைப் பிடித்திருப்பார்கள். வழக்கமான பயிற்சியில் ஒரு பந்து பறக்க நான்கு பேர் சும்மா ஓடுவார்கள்; இங்கே ஒருவரும் சும்மா இல்லை. இன்று உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர்கள்கூட இதை நடத்துகிறார்கள், யாருடையது என்று தெரியாமலே.

லைன்மேன்களை, அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்பவர்களை, நிறுத்தும் முறையும் வேறு. வழக்கமாக ஒருவர் காலுக்கும் அடுத்தவர் காலுக்கும் இடையே இரண்டடி. லீச் மூன்றடியும் அதற்கு மேலும் விடுவார். வெளிப்பக்கத்திலிருந்து பாய வருபவர் குவார்ட்டர்பேக்கை அடைய அதிக தூரம் ஓட வேண்டும். எறியும் பாதையும் அகலமாகும். விலை என்னவென்றால், நடுவில் உள்ள இடைவெளியில் லைன்பேக்கர் (எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாட்டக்காரர்) ஒருவர் நேராகப் பாய்ந்தால் தடுக்க நேரம் போதாது. பாய்பவர் கிளம்புமுன்னே பந்து கையை விட்டுப் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார். பெரும்பாலும் அது பலித்தது. 2003-ல் டெக்சாஸ் டெக்கின் பி.ஜே. சைமன்ஸ் ஒரே பருவத்தில் 5,833 யார்டு எறிந்தார். அந்தச் சாதனை 2021 வரை நின்றது. 2000-லிருந்து அந்தக் கல்லூரியில் குவார்ட்டர்பேக் மாறினாலும் எண்கள் மாறவில்லை என்பதுதான் முறைக்குக் கிடைத்த சான்றிதழ். தனி ஒரு மேதையின் கைவண்ணம் என்றால் அவர் போனதும் எண்களும் போயிருக்கும்.

சரி, எங்கே உடைந்தது? இதற்கு ஒரு வார இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டம் போதும். 2020 செப்டம்பர் 26, மிசிசிப்பி ஸ்டேட்டில் லீச்சின் முதல் ஆட்டம். எதிரே முந்தைய ஆண்டு தேசிய சாம்பியன் லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ). அவர்கள் ஆளுக்கு ஆள் காப்பதில் பிடிவாதமாக நின்றார்கள். லீச்சின் குவார்ட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு எறிந்து எஸ்இசி (இரு அணிகளும் ஆடும் கான்ஃபரன்ஸ்) சாதனை படைத்தார், 44-34. அடுத்த வாரம் ஆர்கன்சா வந்தது. பதினொரு பேரில் மூன்று பேரை மட்டும் பாய விட்டு எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியது. இடைமறித்த பந்து மூன்று, முடிவு 21-14. அதற்கடுத்த வாரம் கென்டக்கி அதையே செய்ய, மிசிசிப்பி ஸ்டேட் 24-2 என்று தோற்றது. ஆறு பந்து எதிரணி கைக்குப் போனது. கிரிக்கெட்டில் களத்தடுப்பாளர் எல்லோரையும் எல்லைக் கோட்டில் நிறுத்திவிட்டால் ஒன்றும் இரண்டுமாக ஓடி எடுக்க வேண்டும், தூக்கி அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இங்கேயும் அதே கணக்குதான். எட்டுப் பேர் பின்னால் போனால் முன்னால் மூன்று பேர்தான். ஐந்து லைன்மேன்களில் இருவருக்கு வேலையே இல்லை. பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நாலைந்து யார்டு கிடைக்கும். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு நகர்ந்தால் பந்து கையிலேயே நிற்கும்; இங்கே மூன்று முறையிலேயே அது வந்துவிடும், எதிரணி வேறு வழியின்றி ஆட்களை முன்னே கொண்டுவரும், அப்போது எறியலாம். லீச்சின் முறையில் குவார்ட்டர்பேக்குக்கு அப்படி ஓட்டத்துக்கு மாற்றும் அதிகாரம் உண்டு. ஆனால் பயிற்சியில் எறிவதற்கே நேரம் எல்லாம் போவதால் அந்த ஓட்டத்தில் கூர்மை இருக்காது. போதாக்குறைக்கு எறிய நேரம் தாராளமாகக் கிடைக்கும் குவார்ட்டர்பேக் பந்தை நாலைந்து நொடி வைத்துக்கொண்டு, பொறுமை இழந்து, எட்டுப் பேர் நடுவே ஒன்றைத் திணிப்பார்.

ஆர்கன்சாவுக்கு அந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. மேற்குக் கரையில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆண்டுக்கணக்காக இதைச் செய்துகாட்டியிருந்தது. வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும், ஆப்பிள் கோப்பை என்று அழைக்கப்படும் மாநிலப் போட்டியில் லீச்சின் கணக்கு 1-7. 2012-ல் வென்றதோடு சரி. 2013 முதல் 2019 வரையிலான ஏழு தோல்விகளில் அவரது அணி எடுத்த புள்ளிகளைப் பாருங்கள்: 17, 13, 10, 17, 14, 15, 13. மற்ற வாரங்களில் நாற்பது ஐம்பது என்று குவித்த அணி, ஒரே எதிரியிடம் ஏழு ஆண்டில் ஒரு முறைகூடப் பதினேழைத் தாண்டவில்லை. 2018-ல் பத்து வெற்றியுடன் பட்டப் போட்டிக்கு வாசலில் நின்றபோதும் புல்மன் பனிப்பொழிவில் 28-15 தோல்வி. பனியைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. ஒரு வருடத்துக்குப் பனியைச் சொல்லலாம், ஏழுக்கும் சொல்ல முடியாது. லீச்சுக்கு எதிரான வழக்கில் ஆகப் பலமான சாட்சி என்னைக் கேட்டால் இந்த ஏழு எண்கள்தான், பட்டமின்மை அல்ல. பட்டம் வெல்லாததற்குப் பணம், ஆள், ஊர் என்று பல காரணம் இருக்கலாம். பதில் தெரிந்த கேள்விக்கு ஏழு வருடம் அதே தப்பான பதிலை எழுதியதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமே.

எதிர்க் கோலுக்கு அருகிலும் அவரது முறைக்குக் கஷ்டம் உண்டு. இருபது யார்டு கோட்டில் பந்து இருந்தால், பின்னால் உள்ள பத்து யார்டையும் சேர்த்து ஆழம் முப்பதுதான். நான்கு பேர் நேராக ஓடி எதிரணியை நீட்டும் திட்டத்துக்கு அங்கே நீட்ட இடமில்லை. தன் தடுப்பாட்டத்துக்கும் அது சுமை: தவறிய பாஸ் ஒவ்வொன்றும் கடிகாரத்தை நிறுத்தும், ஒன்றரை நிமிடத்தில் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஓய்ந்து உட்கார்ந்த தடுப்பாட்டக்காரர்கள் மறுபடி எழ வேண்டும். 2019-ல் யூசிஎல்ஏவிடம் 49-17 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 67-63 என்று தோற்றது இதற்கு உச்சபட்ச உதாரணம்; குவார்ட்டர்பேக் அன்று ஒன்பது டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) எறிந்திருந்தார், அணி ஆறு முறை பந்தைப் பறிகொடுத்திருந்தது. இதற்கு நேர்மாறான சான்றும் இருக்கிறது: வாஷிங்டன் ஸ்டேட்டில் 2015-ல் தடுப்பாட்டத்தை அலெக்ஸ் கிரிஞ்ச் கையில் எடுத்த பிறகுதான் வெற்றிகள் 9, 8, 9 என்று நிலைத்தன. அதற்கு முந்தைய மூன்று பருவத்தில் 3, 6, 3.

ஏர் ரெய்டை உருவாக்கியவர் லீச்சா என்று கேட்டால், அவர் மட்டும் இல்லை. இதில் ரசிகர்கள் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள். வேர் லாவெல் எட்வர்ட்ஸ் நடத்திய பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் பாஸ் ஆட்டத்தில் இருக்கிறது; லீச் அங்கேதான் படித்தார், அணியில் ஆடியதில்லை. அந்த ஆட்டத்தை எடுத்துச் செதுக்கத் தொடங்கியவர் ஹால் மம்மி. 1989-ல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் லீச் அவரிடம் சேர்ந்து, வால்டோஸ்டா ஸ்டேட், கென்டக்கி என்று 1998 வரை கூடவே இருந்தார். பத்தாண்டு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்த இருவரில் எந்தக் கோடு யார் போட்டது என்று பிரிக்க வெளியாளால் முடியாது. பிரித்துச் சொல்பவர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, 1999-ல் ஒக்லஹோமாவுக்கும் 2000-ல் டெக்குக்கும் லீச் தனியாக எடுத்துப் போனபோது முறை இன்னும் ஒல்லியானது. மற்றவர்கள் ஆண்டுக்கு ஆண்டு சேர்த்துக்கொண்டே போவார்கள், அவர் கழித்தார்.

அந்த ஒல்லித்தனம்தான் பரவியதற்குக் காரணம். தடித்த பிளேபுக்கைக் கற்றுக்கொள்ள உதவிப் பயிற்சியாளருக்குப் பல வருடம் ஆகும். இதை ஒரு பருவத்தில் கற்று அடுத்த பருவம் வேறு ஊரில் நடத்தலாம். டெக்கில் அவரிடம் குவார்ட்டர்பேக்காக இருந்த கிளிஃப் கிங்ஸ்பரி பின்னாளில் அதே கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்து பேட்ரிக் மஹோம்ஸை வளர்த்தார். அணியில் ஆட இடம் கிடைக்காமல் மாணவ உதவியாளரான லிங்கன் ரைலி ஒக்லஹோமாவில் பேக்கர் மேஃபீல்டு, கைலர் மரே என்று 2017, 2018-ல் அடுத்தடுத்து இரண்டு ஹைஸ்மன் விருது (ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கானது) வீரர்களையும், பிறகு யூஎஸ்சியில் 2022-ல் கேலப் வில்லியம்ஸையும் தந்தார். சோனி டைக்ஸ் 2022 பருவத்தில் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தைத் (டிசியூ) தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். டெனசியின் ஜாஷ் ஹைப்பல் 1999-ல் லீச்சின் ஒக்லஹோமா குவார்ட்டர்பேக். டேனா ஹோல்கர்சன், சேத் லிட்ரல் என்று பட்டியல் நீளும். இவர்களில் பெரிதாக வென்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள்: பாஸ் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, லீச் ஒதுக்கிய ஓட்டத்தைச் சேர்த்தார்கள். ரைலியின் அணிகளில் லைன்மேன்கள் இழுத்துச் சென்று வழி விடும் ஓட்டத் திட்டம் பாஸுக்குச் சமமாகப் பயமுறுத்தியது. எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தினால் ஓடியே முடித்துவிடுவார்கள். ஆக, லீச்சின் குறைக்கு மருந்து கண்டுபிடித்ததும் லீச்சின் சீடர்களே. அவருக்கு அந்த மருந்து தெரியாது என்று நினைக்க வேண்டாம். சமநிலை என்பது பாதி ஓட்டம் பாதி பாஸ் அல்ல, பந்தைத் தொடக்கூடிய ஐந்து பேருக்கும் பந்து போய்ச் சேர்வதுதான் சமநிலை என்பது அவரது உறுதியான வாதம். கேட்க அழகான வாதம்தான். ஆப்பிள் கோப்பையில் அது செல்லுபடியாகவில்லை.

2009-ல் டெக்சாஸ் டெக் அவரைப் பதவி நீக்கியதைத் தொடாமல் அவரது பெயரைப் பேச முடியாது. மூளை அதிர்ச்சி அடைந்த ஒரு வீரரைப் பயிற்சியின்போது இருட்டறையில் நிற்க வைத்ததாகப் புகார். டிசம்பர் 28-ல் இடைநீக்கம், 30-ல் பதவி நீக்கம். மறுநாள் அவருக்கு 8 லட்சம் டாலர் ஊக்கத்தொகை வரவேண்டியிருந்தது. இவை பதிவானவை. தண்டனையாக அடைத்தாரா, வெளிச்சம் படாமல் ஓய்வாக வைத்தாரா என்பதில் இரு தரப்பும் கடைசிவரை வேறு வேறு சொன்னார்கள். வழக்கு தொடுத்தார், மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது இப்படி இழப்பீடு கேட்க முடியாது என்ற அரசு விலக்குரிமையின் அடிப்படையில் அது நின்றுபோனது, 2012-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே ரசிகர்கள் இரு பக்கமும் தவறுகிறார்கள். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை; நடந்தது என்ன என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. டெக் ரசிகர்கள் இன்றுவரை பல்கலைக்கழகம் பணம் தரவில்லை என்று கோபப்படுவது புரிந்துகொள்ளக்கூடியது. அதேசமயம் காயம்பட்ட வீரரை எப்படி நடத்தினார் என்ற கேள்வியை அந்தக் கோபம் மூடிவிடக் கூடாது. 2020 ஏப்ரலில் தூக்குக் கயிறு இருக்கும் கேலிப்படம் ஒன்றை ட்விட்டரில் போட்டு மன்னிப்புக் கேட்க நேர்ந்ததும் கணக்கில் வர வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள் ஆடும் அணிக்குப் பயிற்சியாளராக இருந்துகொண்டு அதைப் போட்டார். கடற்கொள்ளையர், கல்யாணம், மிட்டாய் என்று அவர் பத்திரிகையாளர் கூட்டத்தில் பேசியவை இன்றும் சுற்றுகின்றன, ரசிக்கலாம். ஆனால் அவரது இடத்தை நிர்ணயிக்க அவை எந்தப் பக்கமும் பயன்படாது. சொல்லப்போனால் அந்தக் காணொளிகளால்தான் ஆட்டம் பேசப்படாமல் போகிறது.

2022 நவம்பர் 24-ல் ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 24-22 என்று வென்றதே அவரது கடைசி ஆட்டம். டிசம்பர் 12-ல் இதயக் கோளாறால் இறந்தார், 61 வயது. அடுத்து நடந்த பவுல் ஆட்டத்தின் முதல் முறையில் மிசிசிப்பி ஸ்டேட் அவரது அமைப்பில் வரிசை நின்று, பந்தை எடுக்காமலே நேரம் கடக்க விட்டது. அதற்கான அபராதத்தை எதிரணி இல்லினாய் வேண்டாம் என்றது. இறந்தவர்மேல் உள்ள அனுதாபம் மதிப்பை ஏற்றிவிட்டதா என்றும் கேட்கலாம். ஓரளவு ஏற்றியிருக்கும், எல்லோருக்கும் ஏற்றும். ஆனால் மேலே சொன்ன சீடர்களின் பெயரும் விருதுகளும் பெரும்பாலும் அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தவை.

என் தீர்ப்பு: பயிற்சியாளராக மிக நல்லவர், மகத்தானவர் இல்லை, ஆட்டத்தை மாற்றியவர் என்ற வகையில் அவர் காலத்தில் ஐந்து பேருக்குள் வருவார். உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம், அதற்கு மூன்று ஆட்டங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலாவது 2008 நவம்பர் 1, முதலிடத்தில் இருந்த டெக்சாஸை டெக் 39-33 என்று வென்றது. கடைசி ஒன்றரை நிமிடத்தை மட்டும் பார்த்தால் போதும். மைக்கேல் க்ராப்ட்ரீ ஒரு நொடி மிச்சமிருக்கையில் அடித்த 28 யார்டு டச் டவுனை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் அதற்கு முந்தைய பாஸைப் பாருங்கள்: எதிரணி சேஃப்டியின் கைக்கே வந்த பந்து நழுவியது. அது பிடிபட்டிருந்தால் லீச்சின் மிகப்பெரிய வெற்றி இல்லை. இரண்டாவது 2020 எல்எஸ்யூ ஆட்டம், மூன்றாவது அடுத்த வாரத்து ஆர்கன்சா ஆட்டம். இரண்டிலும் பந்து கிளம்பும் கணத்தில் நிறுத்தி, குவார்ட்டர்பேக்கை நோக்கி எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று என்று வந்தால், பந்து ரன்னிங் பேக் கைக்குப் போகிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள்.